கழற்ற முடியாத பல்

அசாம் ஜாவா,
புதன்கிழமை.

அன்பு மகள் உஷாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை சரணும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே அப்பா நன்றாக இருக்கிறார். இந்தக் கடிதம் என்னைப் பற்றியது.

இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். சிரித்துவிட்டு முழுக்கப் படி. ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிடும்போது போனைப் பிடித்துக்கொண்டிருப்பது அப்பா. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் எனக்கும் சேர்த்து அவரே பதில் சொல்லிவிடுவார். வாட்சாப்பில் எது வந்தாலும் முதலில் பார்ப்பது அவர்தான். அதனால்தான் பக்கத்து வீட்டு யூஜினியா அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோலசிலாங்கூருக்குப் போகும்போது தபாலில் போட்டுவிடுகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்பா கோயில் கமிட்டி வேலையாக ஜெராம் போயிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார், அதற்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய மறதி மாத்திரை வந்து சேர்ந்தது. டப்பாவில் பெரிதாக மூளைப் படம். தினமும் காலையில் அப்பா அதைத் தண்ணீரோடு கொண்டுவந்து நீட்டுகிறார், நானும் விழுங்குகிறேன். அடி மகளே, எனக்கு மறதி இல்லை! உன் கல்யாணத்தில் உன் மாமியார் பச்சைப் புடவைக்கு ஊதா ரவிக்கை போட்டுக்கொண்டு வந்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது. மறதிக்காரி என்ற பெயர் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

போன மாதம் நீ கூப்பிட்டபோது அப்பாவை முந்திக்கொண்டு, எனக்கு எலும்பில் திருகாணி வைத்து நிரந்தரமாகப் பல் கட்ட வேண்டும் என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "இந்த வயசுல எதுக்கும்மா ஆபரேஷன்? செட் பல்லு நல்லாத்தானே இருக்கு. அப்பாவும் வேணாங்கிறாரு லா" என்றாய். கிழவிக்குச் சினிமாக்காரி மாதிரி சிரிக்க ஆசை என்று நீயும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டிருப்பீர்கள். பேசிக்கொள்ளுங்கள். ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

மேலும் கீழும் பல்லெல்லாம் பிடுங்கி எனக்குச் செட் மாட்டியது உனக்குத் தெரியும். ராத்திரி படுக்கப் போகும்போது அதைக் கழற்றி, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைக்க வேண்டும். ஈறு இளைப்பாற வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. நானும் அப்படியே குளியலறைத் தட்டில் வைப்பேன். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் கிண்ணம் இருக்கிறது, பல் இல்லை. அன்று கோயிலில் பெண்களுக்குப் பாட்டுப் பயிற்சி. வீடு முழுக்கத் தேடி நான் அழாத குறை. அப்பா பசியாறிவிட்டு, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிச் சிரித்தார். "நேத்து கால் வலிக்குதுன்னு சொன்னேல்ல வேலம்மா? இன்னைக்கு எங்கேயும் போக வேணாம், வீட்ல இரு" என்றார். திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சாயங்காலம் வந்து, நன்றாகக் கழுவி, புதுத் தண்ணீரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். பிறகு யூஜினியா அக்காவோடு அசுந்தா மாதா கோயில் அன்னதானத்துக்கு உதவப் போகிறேன் என்றேன், மறுநாள் காலையில் பல் இல்லை. கையுறைத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த சிநேகிதிகள் கிள்ளானில் கூடுகிறார்கள் என்றேன், பல் இல்லை. அவரோடு காரில் போகும் இடத்துக்கெல்லாம் பல் இருக்கும். மனைவியை இப்படி ஊர் ஊராகக் கூட்டிப் போகிற மனுஷன் உண்டா என்று கோயிலில் எல்லோரும் அவரைப் புகழ்வார்கள். நான் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

கழற்றினால்தானே எடுப்பார் என்று பல்லோடு தூங்கிப் பார்த்தேன். ஈறெல்லாம் புண்ணாகி வெள்ளை படிந்து கஞ்சிகூட இறங்கவில்லை. இங்கே ஊர் கிளினிக் டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னைத்தான் ஏசினார். சரி, ஒளித்து வைப்போம் என்று அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். அதையும் கண்டுபிடித்துவிட்டார். அத்தோடு விட்டாரா? கமிட்டிக்காரர்களிடம், "பாவம்ங்க, அரிசிக்குள்ள பல்லை வச்சிட்டு வீடெல்லாம் தேடுறா. மறதி வந்துருச்சு" என்று கண் கலங்கச் சொல்லியிருக்கிறார். உனக்கும் அதைத்தான் சொன்னார். நீ மாத்திரை வாங்கி அனுப்பினாய்.

இப்போது உன் மாமா செல்வா வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். புக்கிட் செந்தோசாவில் கண்மணியின் நலங்குக்கு நான் போகவில்லை என்று நீயும் கோபமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கூடப் பிறந்த தம்பியின் மகள். அத்தைக்காரி நான்தான் முதலில் மஞ்சள் பூச வேண்டும், நான்தான் பாட்டெடுக்க வேண்டும். நம் சொந்தத்தில் எந்த நலங்கிலும் என் கேலிப் பாட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் நெளியாமல் போனதில்லை. கண்மணிக்கென்று புதிதாக நான்கு அடி கட்டி வைத்திருந்தேன். புடவையெல்லாம் தேய்த்து மாட்டி வைத்திருந்தேன். காலையில் கிண்ணம் காலி.

அன்று நான் கெஞ்சினேன், உஷா. பல் இல்லாத வாயால் கெஞ்சினால் பேச்சு எப்படி வரும் தெரியுமா? குழந்தை குளறுகிற மாதிரி வரும். என் காதுக்கே விளங்கவில்லை. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, போன கல்யாணத்தில் நான் பாடும்போது ஆம்பிளைகள் பக்கம் பார்த்துப் பார்த்துச் சிரித்தேனாம், அது நல்லா இல்லையாம் என்றார். சத்தம்கூடப் போடவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவளிடம் சொல்கிற பேச்சா இது? பல் இல்லாமலே போயிருக்க வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். எனக்கு மானம் பெரிதாக இருந்தது. பாட வேண்டிய இடத்தில் குளறிக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செல்வா என்ன நினைத்தான் தெரியுமா? பத்திரிகையை வீட்டுக்கு வந்து தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்காமல், கோயில் வாசலில் கார் கண்ணாடி வழியாகக் கொடுத்துவிட்டானே, அதற்காக அக்கா கோபித்துக்கொண்டாள் என்று நினைத்துவிட்டான். நம் ஆட்களுக்கு வேறு எதுவும் தோன்றாது! கல்யாணத்துக்கு முன்தினம், அத்தனை வேலையையும் போட்டுவிட்டு, வெற்றிலை பாக்கு, பழம், பட்டுப் புடவையோடு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டியோடு வந்து நின்றான். அப்பா வாசலுக்குப் போய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ஒங்க அக்காவுக்கு மனசு ஆறல செல்வா. நான் எடுத்துச் சொல்றேன், நீ கவலைப்படாதே" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தார். எனக்காக மன்னிக்கிறார்! அன்றும் பல் இல்லாமல் நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றேன். "அக்கா, ஒரு வார்த்தை பேசுக்கா. திட்டவாவது திட்டுக்கா" என்று என் தம்பி கதவருகில் வந்து அழுதான். அந்தக் குரல் இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது. கதவைத் திறக்க முடியாமல் நின்ற என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவர் என்னை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. குடியில்லை, சிகரெட் இல்லை. ஒரு காயம் இருந்தால் யாரிடமாவது காட்டலாம். என் புருஷன் என் பல்லை எடுத்து வைத்துக்கொள்கிறார் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கத்தானே செய்வார்கள்? யூஜினியா அக்கா ஒருவர்தான் சிரிக்கவில்லை.

செட்டில் ஒரு பல் உடைந்த சமயம் அப்பாவே என்னைக் கிள்ளானில் ஒரு பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். அங்கே டாக்டரம்மா இளம்பெண், நம்ம தமிழ்ப் பிள்ளை. அப்பா காரை நகர்த்தி நிறுத்த வெளியே போன நேரத்தில் அவள் ஒரு பிளாஸ்டிக் தாடையை எடுத்துக் காட்டினாள். மேல் எலும்பில் நான்கைந்து திருகாணி, கீழேயும் அப்படி. அதன்மேல் ஒரு வரிசைப் பல்லையும் மொத்தமாகப் பூட்டிவிடுவார்களாம். முதலில் தற்காலிகப் பல், சில மாதம் கஞ்சியும் இட்லியும்தான், எலும்பு திருகாணியைப் பிடித்துக்கொண்ட பிறகு நிரந்தரப் பல். செட் போட்டே இருந்தால் எலும்பு தேய்ந்துகொண்டே போகும் என்றாள். எனக்கு லேசாகச் சர்க்கரை இருப்பதைச் சொன்னேன், கட்டுப்பாட்டில் இருந்தால் செய்யலாம், ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றாள். தினமும் அடியில் பிரஷ் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், விட்டுவிட்டால் அதுவும் கெட்டுப்போகும் என்று கண்டிப்பாகவும் சொன்னாள்.

நான் ஒன்றுதான் கேட்டேன். அதைக் கழற்றவே முடியாதா என்றேன். நான் பயப்படுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள் போல. என் கையைப் பிடித்து, "கவலைப்படாதீங்க ஆன்டி. நீங்க நெனச்சாலும் கழட்ட முடியாது. எங்ககிட்ட வந்தாத்தான் கழட்டலாம்" என்றாள். நாற்காலியில் சாய்ந்தபடியே நான் அழுதுவிட்டேன். அப்பா உள்ளே வந்தார். மறதி இருக்கிறவளுக்கு ஆபரேஷன் ஒத்து வராது, செட்டைச் சரி செய்தால் போதும் என்று சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளையும் தலையை ஆட்டிவிட்டாள்.

செலவைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். தொழிற்சாலையில் உழைத்துச் சேர்ந்த ஈபிஎஃப் சேமநிதிப் பணம் என் பெயரில் இருக்கிறது. எனக்கு வேண்டியது நீ. விடுமுறை எடுத்துக்கொண்டு நீ மட்டும் வா. முன்கூட்டி அப்பாவிடம் கேட்காதே, கேட்டால் அவரும் சேர்ந்து கிளம்பி, டாக்டரிடம் எனக்காகப் பேசி, பழையபடி திரும்பக் கூட்டி வந்துவிடுவார். நீ வந்து நின்று, அம்மாவை நான் கூட்டிப் போகிறேன் என்று சொன்னால் அவரால் மறுக்க முடியாது. நீ என்றால் அவருக்கு உயிர், அதில் பொய் இல்லை. வீக்கம் வடியும்வரை செல்வா வீட்டில் இருந்துகொள்கிறேன். அவனிடம் நானே வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

உன்னால் இதை நம்ப முடியாது என்பது எனக்குத் தெரியும். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தீமிதி பார்க்கப் போன அப்பா அவர். அவரை வெறுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. என் வார்த்தையை மட்டும் வைத்து நம்பவும் வேண்டாம். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு வெறுமனே தலையாட்டுவேன். வழக்கமாக அம்மாவுக்குச் சளியா என்று கேட்டுவிட்டு விட்டுவிடுவாய். அன்றைக்கு விட்டுவிடாதே. என்னிடம் ஒன்றும் கேட்காதே. அப்பாவிடம், அம்மாவின் பல்லைக் கொஞ்சம் எடுத்து வாங்கப்பா, அம்மா பேசுவதைக் கேட்க வேண்டும் என்று செல்லமாகச் சொல். சொல்லிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிரு. அவர் தேடுகிறாரா, நேராகப் போய் எடுத்து வருகிறாரா என்று மட்டும் பார். மறதியில் நான் எங்கோ வைத்தது என்றால் அவரும் தேடத்தானே வேண்டும்?

நேராகப் போனால், நீ கிளம்பி வா, கண்ணு.

உன் வீட்டில் உன் பொருள் நீ வைத்த இடத்தில் இருக்கட்டும். நீ பேசும்போது மாப்பிள்ளை வாய் மூடிக் கேட்கட்டும். நீண்ட ஆயுளோடு, நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போய் வருகிறவளாக நீ இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா வேலம்மா