வியாழக்கிழமைக் குளவி

பக்ஸ்டன்,
ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் மழை.

அன்பு மகள் பிப்பாவுக்கு,

பெரியப்பா நார்மன் எழுதுவது. இங்கே நான் நலம், பெரியம்மா என்னைவிட நலம், என் வலது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போக நினைக்கிறது. உலகத்தின் அந்தக் கோடியில், டனீடனில், நீயும் உன் வீட்டுக்காரனும் குட்டி ஆரோஹாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும். நீ அனுப்பிய படத்தில் குட்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, அந்தத் தோரணை அப்படியே என்னுடையது. உனக்கும் எனக்கும் ரத்த சம்பந்தம் இல்லையே, பிறகு எப்படி என்று பெரியம்மா கேட்கிறாள். வளர்த்த கையிலிருந்து இறங்கியிருக்கும் என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். அடைபட்டது என்றுதான் நானும் நினைத்தேன், அடைபடவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பத்திரிகைக் குறுக்கெழுத்துக்கு வியாழக்கிழமை தோறும் இணையத்தில் விமர்சனம் எழுதுவது உனக்குத் தெரியும், ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன், நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். ஆயுள் முழுக்க பஸ் ஓட்டிய என்னை அந்த விமர்சனக்காரர்கள் காலில் விழாத குறையாகக் கூப்பிட்டார்கள். நான் தினமும் கீழே கருத்து எழுதித் தொல்லை தாங்காமல்தான் ஒரு நாளைக் கொடுத்தார்கள் என்று கறுப்பு ஆடு பாரில் ஹோல்ராய்டு சொல்லித் திரிகிறான். அவன் ரசாயன வாத்தியாராக இருந்தவன், பொறாமையும் ஒரு வாயுதான். நம் குறுக்கெழுத்து நேராக அர்த்தம் கேட்கிற ரகமில்லை, கை காட்டுவது ஒரு பக்கம், விடை ஒளிந்திருப்பது இன்னொரு பக்கம். பிஷப் ஒருவர் வாத்தோடு குளிக்கப் போகிறார் என்று எழுதியிருக்கும். பிஷப்பும் கிடையாது, குளியலும் கிடையாது, வாத்து என்பது கிரிக்கெட்டில் எடுத்த பூஜ்யம். டீ ஆறி, டோஸ்ட் காய்ந்து, இதை எழுதினவன் குடும்பத்தையே மனதுக்குள் திட்டித் தீர்த்தபிறகு சட்டென்று பிடிபடும் பார், மேட்டில் நின்றுபோன பஸ் தானாக உறுமிக்கொண்டு கிளம்புகிற மாதிரி. அதைவிடச் சுகம் விமர்சனம். வித்தைக்காரனின் புறா எந்தச் சட்டைக்கையிலிருந்து வந்தது என்று ஊருக்கே போட்டுக்கொடுக்கலாம், நன்றாக இருந்தால் தட்டிக்கொடுக்கலாம், இல்லாவிட்டால் தோலை உரிக்கலாம், உரித்து முடித்ததும் புதிர் போட்டவருக்கு நன்றி என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும், அதுதான் மரியாதை.

புதிர் போடுகிறவர்கள் சொந்தப் பெயரை வெளியே விடமாட்டார்கள், எல்லாம் புனைபெயர்தான். சில பேருக்கு இன்னொரு குறும்பு உண்டு. கட்டத்தின் நாலு ஓரத்தையும் சுற்றிப் படித்தால் ஒரு செய்தி வருகிற மாதிரி எழுத்துகளை ஒளித்து வைப்பார்கள். அதற்காக ஓரங்களில் யாரும் கேள்விப்படாத சொற்களைத் திணிக்கவேண்டி வரும். ஓரத்தில் விநோதமான சொல்லைக் கண்டால் சுற்றிப் படி என்பது கற்றுக்குட்டிக்கும் தெரியும். எனக்கு அதைவிட நன்றாகவே தெரியும், அதனால்தான் பார்க்கவில்லை.

குட்டி பிறந்ததிலிருந்து பெரியம்மாவுக்கு உன்னிடம் வரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். நான் பஸ்ஸுக்கு வருமுன் விமானப்படையில் இருந்தவன், எனக்கென்ன விமானம் பயமா? நான் உரித்த உருளைக்கிழங்கைத் தின்றுதான் அத்தனை பேரும் பறந்தார்கள், நான் தரையில் நின்றது படையின் நன்மைக்காக. ஆனால் வியாழக்கிழமையை யாரிடம் விட்டுவிட்டு வருவது? நாடே காத்திருக்குமே. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பேன், பெரியம்மா பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சர்ச்சுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வருஷம் போயும் ஒரு ஸ்வெட்டரும் வெளியே வரவில்லை, அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

இந்த வியாழக்கிழமை வந்த புதிருக்கு ஒரு புது ஆள், பெயர் குளவி. உள்ளே இருந்ததெல்லாம் தேன், சொல்லக்கூடாது, இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன், மேலே சொன்ன பிஷப் அதில் ஒன்று. ஓரங்களில்தான் ஏதோ பாசியின் பெயர், எந்தக் காலத்துப் பானையோ அதன் மூடியின் பெயர். எனக்கு வந்ததே கோபம். 'குளவிக்குக் கொடுக்கு இல்லை, ஓரம் முழுக்கக் குப்பைத்தொட்டியில் பொறுக்கிய சொற்கள், இவர் போய் ஸ்வெட்டர் பின்னலாம், புதிருக்கு நன்றி' என்று எழுதி அனுப்பினேன். இவ்வளவு அழகாக எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியுமா, எதிரே டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த பெரியம்மாவுக்கு ராகம் போட்டுப் படித்துக் காட்டினேன். ஸ்வெட்டர் வந்த இடத்தில் கத்தி நின்றது. "ஓரம் சரியில்லைன்னு எழுதியிருக்கியே, ஓரத்தைப் பாத்தியா?" என்றாள். "பாக்காம எழுதுவேனா ஹெஸ்டர், நான் யாரு?" என்றேன். "அதைத்தான் நானும் இவ்வளவு நாளா யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

கதவு சாத்தின சத்தம் அடங்கவில்லை, முதல் கருத்து வந்து விழுந்தது, வேறு யார், ஹோல்ராய்டுதான். "நார்மன், இடது மூலையிலேருந்து சுத்திப் படிப்பா. படிச்சிட்டு உக்காந்துக்கோ" என்று எழுதியிருந்தான். விரலை வைத்துச் சுற்றினேன். 'நார்மன் நாம் பிப்பாவிடம் போகிறோம்' என்று நாலு ஓரமும் ஓடுகிறது. உட்கார்ந்துதான் இருந்தேன், இருந்தாலும் நாற்காலி போதவில்லை. அதற்குள் கீழே ஊரே கூடிவிட்டது. "யாருய்யா அந்த பிப்பா, நாங்களும் வரலாமா?" என்று ஒருவர், "இவர் போகலேன்னா குளவி, நீங்க என்னைக் கூட்டிட்டுப் போங்க, எனக்கு ஜன்னல் சீட்டே வேணாம்" என்று இன்னொருவர். உன் பெயர் இப்போது இந்தத் தேசம் முழுக்கத் தெரியும், அதற்கு நீ எனக்கு நன்றி சொல்லவேண்டும். பக்கத்து வீட்டில் எவனாவது புனைபெயரில் புதிர் போட்டால் கண்டுபிடித்துவிடுவேன், என் பின்னறையில் ஒரு குளவிக்கூடு இருந்தது தெரியவில்லை.

பெரியம்மா எங்கே போயிருப்பாள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அதாவது சர்ச்சிலும் நூலகத்திலும் கறுப்பு ஆட்டிலும் தேடியபிறகு தெரிந்துவிட்டது. கடைத்தெருவில் பயணச்சீட்டு போடுகிற கடையில், தலை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாள். சீட்டு போடுகிற பெண், "ஒரு சீட்டுதானே மேடம்?" என்று கேட்கிறாள், பெரியம்மா, "ஒண்ணுதான் கண்ணு, எங்க வீட்டுக்காரருக்கு வியாழக்கிழமை வேலை இருக்கு" என்கிறாள். நான் முழங்காலையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவன், மூச்சு வாங்கினபிறகுதான் பேச முடிந்தது. இதை நேராகவே சொல்லியிருக்கலாமே ஹெஸ்டர் என்றேன். "சொன்னேன். டீ போடும்போது சொன்னேன், துணி காயப்போடும்போது சொன்னேன், ரேடியோ பேசுதுன்னு நெனச்சிருப்ப. நீ உலகத்துல கவனமாப் படிக்கிறது அந்தக் கட்டம் ஒண்ணைத்தான். சரி, அதுல எழுதுவோம்னு அந்தப் பாசிக்கும் பானைமூடிக்கும் எத்தனை அகராதியைக் கிளறினேன் தெரியுமா? அதையும் குப்பைத்தொட்டின்னுட்ட." இதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது பிப்பா. என் முகத்தில் இருந்தது மழைத்தண்ணீர்தான், அப்படித்தான் அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். உள்ளே இருந்ததெல்லாம் தேன், இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன் என்று மட்டும் சொன்னேன். "எந்த ரெண்டு?" என்று கேட்டாள், சொன்னேன். "அந்தப் பிஷப் எனக்கே பிடிச்சவரு" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண் பாவம், விசையில் விரலை வைத்துக்கொண்டு, "அப்ப ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்க, இரண்டு என்று கடைக்கு வெளியே கேட்கிற மாதிரி சொன்னேன்.

ஆகவே மகளே, ஈஸ்டர் முடிந்த கையோடு வருகிறோம். பத்திரிகை ஆசிரியர் பெரியம்மாவிடம் இன்னும் புதிர்கள் கேட்டிருக்கிறார், என் விமர்சனம் கிளப்பிய பரபரப்புதான் காரணம், அதுதான் காரணம் என்பதை மட்டும் அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள். புருஷன் பெண்டாட்டியை விமர்சிக்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறதாம், அவளுடைய வியாழக்கிழமைகளை ஹோல்ராய்டு பார்த்துக்கொள்வான். பாராட்டு குறைந்தால் கீழே கருத்தில் வந்து உதைப்பேன் என்று அவனிடம் சொல்லியாயிற்று.

குட்டிக்கு நான் முத்தம் கொடுத்ததாகச் சொல். நீங்கள் மூவரும் குறையில்லாமல் இருக்க எங்கள் ஆசி. இங்கே வெயில் வரும்போது அங்கே குளிர் ஆரம்பிக்கும் என்கிறாயே, காலில் உறை இல்லாமல் நடக்காதே, குட்டியையும் நடக்கவிடாதே. விமான நிலையத்துக்குக் கட்டாயம் வந்துவிடு, பெரியம்மாவை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளவேண்டும். வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள், ஆனால் அவளுக்கு விமானம் என்றால் பயம் போலிருக்கிறது. கிளம்பினதிலிருந்து இறங்குகிறவரை என் கையை விடமாட்டேன் என்று இப்போதே சொல்லியிருக்கிறாள்.

என்றும் உன் அன்புப் பெரியப்பா,
நார்மன்