இன்னும் விழிக்காத கை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பாவுக்கு இருமல் குறைந்ததா?

நான் நன்றாக இருக்கிறேன். வேலையில் பெட்டி அடுக்கும்போது வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது, அவ்வளவுதான். இன்று காலை ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். கழுத்தோரம் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள்.

பக்கத்துக் கட்டில் அக்காவுக்கும் கையில்தான் ஆபரேஷன். அவர் மதியமே விரலை மடக்கிக் காட்டி, "என்னடி, உன் கை இன்னும் கும்பகர்ணன் மாதிரி தூங்குது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விரலைக் கிள்ளிப் பார்த்தேன். யாருடைய விரலையோ கிள்ளியது போலிருந்தது. ஒற்றைக் கையோடு இந்த வேலையில் நிற்க முடியாதே அம்மா.

கூச்சத்தை விட்டு நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். "அவங்களுக்குச் சின்ன ஆபரேஷன், சீக்கிரம் தெளியிற மருந்து போட்டோம். உனக்கு ரொம்ப நேரம் நிக்கிற மருந்து. இருட்டுறதுக்குள்ள உணர்ச்சி வந்துடும். வலிச்சா கூப்பிடு" என்றார். இருட்டிவிட்டது. வராமலே போனால் என்ன செய்வது என்று கேட்க வாய் வரவில்லை.

முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை இரண்டு அனுப்பு. தலை பின்னிவிடத்தான் இங்கே ஆள் இல்லை.

அம்மா, இப்போது கட்டைவிரலில் சுரீரென்கிறது. நர்ஸ் அக்காவைக் கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும்.

உன் மகள்