கழித்த வரிகள்

2007 மார்ச் 6, செவ்வாய்

காலையில் கொம்பியூட்டர் கடையைத் திறக்கும்போதே கடைக்காரர் ஸவாஹிர் நானாவின் முகம் சரியில்லை. பதினொரு மணிபோல் காரணம் வந்தது. சிவில் உடுப்பில் ஒரு சிங்கள அதிகாரி, மாத்தயா என்றுதான் கூப்பிட வேண்டும், கையில் பென் டிரைவ். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பொலிஸில் பதிந்த தமிழ்ச் சனத்தின் விபரம், பல கோப்புகளில். எல்லாவற்றையும் ஒன்றாக்கி, திரும்பவும் வருகிற ஆட்களை எடுத்துவிட வேண்டுமாம்.

"ஏலாதெண்டு சொல்லுவமா நானா?"

"பைத்தியமா புள்ள? நாளைக்கு கடை தொறக்க வேணாமா?"

மார்ச் 7

எட்டு வரி ஸ்கிரிப்ட்! பெயரை நம்பவில்லை, ஒரே பெயரைக் கிளார்க்மார் நாலு விதமாக அடித்திருக்கிறார்கள். அடையாள அட்டை இலக்கப்படி வரிசைப்படுத்தினேன். ஒரே ஆள் என்றால் அடுத்தடுத்த வரியில் வந்து நிற்பார். மேல்வரியின் இலக்கமே கீழும் வந்தால் கீழ்வரியைத் தூக்கு. அவ்வளவுதான். நானா வாயைப் பிளந்தார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான், ஏன் மறைப்பான்.

வீட்டில் என் மனுசனிடமும் பீற்றிக்கொண்டேன். சவுந்தரம் பிட்டைக் குழைத்தபடி, "நீர் இல்லாட்டி அரசாங்கமே நடவாது" என்றார்.

மார்ச் 9

மாத்தயா வந்தார். பட்டியலைப் பார்த்து "ஹொந்தய்", நல்லது என்றார். பிறகு, "நங்கி, அயின் கரபு அய கோ?" தங்கச்சி, எடுத்துவிட்ட ஆட்கள் எங்கே என்கிறார். அது குப்பைதானே என்றேன். சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு வீடு என்று கேட்டார். அந்த ஆட்கள்தான் தேவையாம், இரண்டு விலாசத்தோடும். நாளைக்கே.

 இரண்டு வீடு எதற்கென்று எங்களுக்குத் தெரியாதா? வேலை பிந்தினால் செக் பொயிண்ட் தாண்டி வரப் பயம், அங்கேயே எங்காவது படுக்க வேண்டும். படுக்கிற வீட்டில் பதிவு இல்லையென்றால் அள்ளிக்கொண்டு போவார்கள். அதனால் இரண்டு இடத்திலும் பதிகிறோம். யாழ்ப்பாணத்து ஆட்கள் பாதிப் பேர் அப்படித்தான். சவுந்தரமும்தான் – இங்கே கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில், வெள்ளவத்தையில் தன் முதலாளி பாலசுந்தரம் ஐயாவின் வீட்டில். அப்படிப் பதியச் சொன்னதே நான்.

மார்ச் 10

ஒரு வரியை மாற்றினால் போதும்: தூக்கியதை எறியாமல் எழுது. எழுதியது. சவுந்தரத்தின் முழுப்பெயரும் வந்தது: சவுந்தரநாயகம், இரண்டு விலாசம்.

இன்னொரு வரி சேர்த்தேன். இந்த இலக்கம் வந்தால் விட்டுவிடு.

பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி அக்காவின் தம்பி கனகசபாபதியும் அந்தப் பட்டியலில் இருந்தார். ஒன்று குறைந்தால் தெரியாது, அதற்கு மேல் குறைந்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். என்ன கணக்கு இது, மாதாவே. அவர் பெயரோடேயே பட்டியலைக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 14

கனகசபாபதியை வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பாலேஸ்வரி அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதா. என்னட்டயே வந்து அழுறா.

மார்ச் 16

மாத்தயா வந்து ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்தார். வைத்த வரிகளையும் எடுத்த வரிகளையும் கூட்டிப் பார்த்தாராம். முதல் தந்ததற்கு ஒன்று குறைகிறதாம். "எகய் அடு, நங்கி."

இதை நான் யோசிக்கவேயில்லை. பெரிய கெட்டிக்காரி! ஏதோ மெஷின் பிழை என்றேன். பரவாயில்லை, தங்கள் ஆட்களே தேடிக்கொள்வார்கள் என்றார்.

மார்ச் 17

சவுந்தரத்திடம் எல்லாம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "கனகசபாபதியின்ர பேரையும் எடுத்திருக்கலாமே ஐறீன்" என்றார், அவ்வளவுதான். பிறகு சாப்பிடவில்லை.

வழி சொன்னது நான். முதலாளியைக் கூட்டிக்கொண்டு போய் வெள்ளவத்தைப் பதிவை வெட்டிவிட்டால் ஒரு வீடுதானே? திங்கட்கிழமையே போங்கோ. பட்டப்பகல்ல என்ன செய்யப் போறாங்கள்?

மார்ச் 19, திங்கள்

பாலசுந்தரம் ஐயாவின் போன். "பிள்ளை, சவுந்தரம் அங்க வந்திட்டாரோ? எங்கட கடை வாசல்ல நிண்டவர். நான் உள்ள போய்ச் சாவி எடுத்துக்கொண்டு வாறதுக்குள்ள ஒரு வான்..."

நான்தானே அனுப்பினனான். நான்தானே.

மார்ச் 20

வரவில்லை.

மே 27, ஞாயிறு

பூசை முடிந்து ஃபாதர் கூப்பிட்டார். காணாமற்போன ஆட்களின் விபரம், நாலைந்து இடங்களில் எடுத்தது. ஒன்றாக்கித் தர வேண்டுமாம். ஒரே ஆள் இரண்டு தரம் வந்தால் வெளிநாட்டுக்காரர் நம்பமாட்டார்களாம். என்னிடம் கேட்கச் சொன்னது பாலேஸ்வரி அக்காவாம். அவவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

பழைய ஸ்கிரிப்டைத் திறந்தேன். அந்த வரி அப்படியே இருந்தது: இந்த இலக்கம் வந்தால் விட்டுவிடு. அதை அழித்துவிட்டு ஓடவிட்டேன்.

கனகசபாபதி ஒரு தரம். சவுந்தரநாயகம் இரண்டு தரம் – நான் கொடுத்தது ஒன்று, வெள்ளவத்தையில் பாலசுந்தரம் ஐயா கொடுத்தது ஒன்று. ஒன்றை எடுக்க வேண்டும். எந்த விலாசத்தை வைப்பது?

எங்கள் வீட்டையே வைத்தேன். வந்தால் இங்கேதானே வருவார்.