கலியாணப் படம் போட்ட அட்டை

ஓய், இன்று தேக்காச் சந்தையில் கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் உம் கதை இளவரசி முத்துநங்கை மாலையும் கழுத்துமாக நிற்கிறாள். பக்கத்தில் அந்த மாலுமி மாப்பிள்ளை, அவன் மீசையில் எண்ணெய்க் கறை. கடலையைக் கைக்குட்டையில் கொட்டிவிட்டு, காகிதத்தைத் துடைத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நம் அச்சாபீஸ் மூலையில் கிடந்த கடைசிப் பாகத்துப் புத்தக அட்டைக் கட்டுகளைக் கறையான் அரிக்கிறதென்று என் மச்சான்தான் கடலைக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தான். நான் தடுக்கவில்லை. எதைச் சொல்லித் தடுப்பது?

கப்பல் சாமான் கடையில் குமாஸ்தாவாக இருந்த மனுஷர் நீர். ஒரு நாள் ராஜா ராணிக் காதல் கதையோடு வந்து நின்றீர். "போட்டுத்தான் பாருங்களேன் மரைக்காரே, விக்கலைன்னா என் தலையில கட்டுங்க" என்றீர். உம் தலையில் கட்ட ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. பிறகு பினாங்கு, ரங்கூன், நாகப்பட்டினம் என்று எங்கிருந்தெல்லாமோ ஆள் விட்டுக் கேட்டார்கள். மாதாமாதம் புதுப் பாகம் வந்த அன்று வண்டிக்காரர்களும் சலவைக்காரர்களும் நம் வாசலில் கூடுவார்கள், எழுத்துத் தெரிந்த ஒருவன் உரக்க வாசிப்பான். கதவுக்குப் பின்னால் நின்று நீரும் கண்ணைத் துடைத்துக்கொள்வீர். எழுதினவரே அழுதால் எப்படி ஓய் என்று கேலி செய்வேன்.

அடுத்து வந்த முத்துநங்கை கதையில் ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் அவளை ஆபத்தில் விட்டுவிடுவீர். எப்படி மீட்கப் போகிறீர் என்று கேட்டால் ஒரே பதில்தான். "அடுத்த மாசம் பாத்துக்கலாம் மரைக்காரே." வேடிக்கை என்னவென்றால், உமக்கே தெரியாது.

நம் தொழிலில் அட்டைதான் முதலில். கலர் அச்சுக்குப் படம் வரைந்த கல்லை மிஷினில் ஏற்றினால் எல்லாப் பாகத்துக்கும் ஒரே மூச்சில் அடித்து வைத்துவிடுவோம். அட்டை அடித்தபோது முத்துநங்கை கதையில் நீர் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. கடைசி அட்டைக்கு என்ன படம் என்றேன். கலியாணம்தான், வேறென்ன என்று சிரித்தீர்.

கடைசிக்கு முந்தின பாகத்தில் அவளை நடுக்கடலில் ஓட்டைப் படகில் ஏற்றிவிட்டீர். துடுப்பும் போயிற்று. மாப்பிள்ளையோ எதிரி சிறையில். அந்த மாதந்தான் உமக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சு வலிக்கிறதென்றீர். டாக்டரிடம் போகலாம் வாரும் என்று இழுத்தேன். அதற்கும் அதே பதில், அடுத்த மாசம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது குரல் போய்விட்டது. பென்சிலும் காகிதமுமாகக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். உம் உதடு அசைந்தது. காதை ஒட்டிவைத்துக் கேட்டேன், மூச்சுத்தான் வந்தது.

"அவ கரை ஏறுறாளா? அத மட்டும் சொல்லும்" என்றேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தீர். ஆமாம் என்றா, இல்லை என்றா, உமக்கே தெரியாதென்றா? யா அல்லாஹ், இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மறுநாள் வந்தபோது கட்டில் காலி.

நானே எழுதிப் பார்த்தேன். படகு, தண்ணீர் என்பதற்கு மேல் கை நகரவில்லை. வேறொருவரை எழுதவைத்து வாசலில் வாசிக்கச் சொன்னேன். ஒரு பக்கம் கேட்டார்கள். "இது அவரு இல்லீங்க" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

இன்று கடலையோடு திரும்பும் வழியில் வண்டிக்கார வீரப்பன் மாட்டை நிறுத்தினான். கதை பாதி வந்திருந்தபோது பிறந்த பெண்ணுக்கு முத்துநங்கை என்று பேர் வைத்தானே, அவன்தான். அவள் இப்போது நன்றாக வளர்ந்துவிட்டாள், அப்பனுக்குப் பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எம் மகளுக்கு அவ பேருங்க. அவ பொழச்சாளா இல்லையான்னு தெரியாம மனசு அடிச்சுக்குது" என்றான்.

கலியாணப் படம் என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினால், எப்படிக் கரை ஏறினாள் என்று கேட்பானே, அதற்கு எங்கே போவேன்? அந்தப் பெண் வேறு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றேன்.

சரிங்க என்று தலையாட்டிவிட்டு வீரப்பன் மாட்டைத் தட்டினான்.