கேசரியைத் தொடவில்லை

18 ஆகஸ்ட் 1974, ஞாயிறு

சாயங்காலம் நாசரேத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். சித்தி ரவைக் கேசரி கிண்டியிருந்தாள். ரவையும் கோதுமைதான்; கோதுமை எனக்கு ஆகாது. இரண்டு வருஷம் வயிற்றுப்போக்கில் எலும்பாய் இளைத்த பிறகுதான் டாக்டர் அதைக் கண்டுபிடித்தார்.

"ஏளா, அவங்க முன்னால ஒரு கரண்டி தின்னா செத்தா போவ? கோதுமை ஆவாதுன்னு மூச்சு விடாத," என்று சித்தி அடுக்களையில் மிரட்டினாள்.

நான் தட்டைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஏனென்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன்.

"எங்க வீட்டுல ராத்திரி சப்பாத்திதாம்மா. உனக்குன்னு தனியாவா பொங்க முடியும்?"

"தனியா எதுக்கு அத்தை? நான் சாப்பிடுததை எல்லாரும் சாப்பிடலாம்."

மத்தியானம் நானே பிழிந்த இடியாப்பத்தையும் சீலா மீன் குழம்பையும் கொண்டுவந்து வைத்தேன். அந்த அம்மா மூன்று முறை குழம்பு கேட்டு வாங்கினார். மாப்பிள்ளை தட்டிலிருந்து தலையே நிமிர்த்தவில்லை. போகும்போது, "கடுதாசி போடுதோம்," என்றார்கள்.

சித்தி இன்னும் திட்டி முடிக்கவில்லை. கடுதாசி வராமலே போகலாம். எனக்கும் பயம்தான். ஆனாலும் பொய் சொல்லிக் கட்டிக்கொண்டு, இன்னொரு வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒளிந்து கிடக்க மாட்டேன். நாளைக்கு அடை சுடக் கம்பும் பருப்பும் ஊறப்போட்டுவிட்டேன். சித்திக்கும் சேர்த்துத்தான்.