திருகு இல்லாத குழாய்

ஆவணி, வியாழன் இரவு.

வண்ணார்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் என் பேத்தி செல்வி மாட்டிய குழாய்களுக்குத் திருகே கிடையாது. கை நீட்டினால் தானே தண்ணீர் விழும். அவளுக்கு இதுதான் முதல் வேலை. பந்தி முடிந்து எல்லோரும் கழுவினார்கள். கடைசிக் குழாயில் நான் கை நீட்டினேன், தண்ணீர் வரவில்லை.

மண்டபத்து அண்ணாச்சி பின்னால் நின்று, "என்ன ஆச்சி, தண்ணி வருதா?" என்றார்.

"வராம என்ன? என் பேத்தி மாட்டுனதுல்லா!" என்றேன். வேறு குழாய்க்குப் போனால் தெரிந்துவிடும்; கழுவாத கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

செல்வி பக்கத்தில் தூங்குகிறாள். இப்போது எழுந்து கை கழுவினால் விழித்துக் கேட்பாள். விடிந்ததும் அவளிடம் சொல்லிவிட வேண்டும், அண்ணாச்சி கண்டுபிடிக்கும் முன்னே.

கண் சொருகுகிறது. ஆற்றுக்குள் கை நீட்டுகிறேன், தண்ணீர் தானே வருகிறது. விரலில் காய்ந்த பாயசம் பேனாவை விடமாட்டேன் என்கிறது.