தொட்டிக்குப் பின்னால் மான்குட்டி

ஜூலை 8, திங்கள்

காலை ஷிப்ட். கம்பெனி பஸ் ஐந்தேகாலுக்கு. கிளம்பும் நேரம் பார்த்து பிரின்சி விழித்துக்கொண்டாள். எட்டு மாதக் குழந்தைக்கு எங்கிருந்துதான் அந்தப் பிடி வருகிறதோ, யூனிபார்ம் காலரை விடவே இல்லை. ரோசம்மாள் அண்ணிதான் விரல் விரலாகப் பிரித்து வாங்கிக்கொண்டார். வாங்கியவர் சும்மா இருக்கக்கூடாதா?

"பச்சப் புள்ளைய வுட்டுட்டுப் போவ எப்டிதான் மனசு வருதோ."

என் வீட்டுக்காரரின் அக்கா. நான் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.  பொன்னேரியிலிருந்து தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டை வரை அந்தப் பேச்சுதான் காதில் ஓடியது.

கேட்டில் இறங்கினால் — மான்கள்! பதினோரு புள்ளிமான்கள். வெளியே காட்டில் புல் காய்ந்துவிட்டது. இங்கே புல்தரைக்குத் தினமும் தண்ணீர் விடுகிறார்கள். பின்சுவர் உடைசல் வழியாக வந்து மேய்கின்றன. அடையாள அட்டை இல்லாமல் மேனேஜரையே உள்ளே விடாத செக்யூரிட்டி நான். இவர்களை யார் கேட்பது? பெரிய கொம்புள்ள ஆண்மான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நான்தான் ஒதுங்கி வழிவிட்டேன்.

ஜூலை 9

அந்த ஆண்மான் தைல மரத்தில் கொம்பைத் தேய்க்கிறது. கொம்பை மூடியிருந்த மெத்தென்ற தோல் நார் நாராகத் தொங்குகிறது. பழைய கொம்பு விழுந்து, மறுபடி முளைக்குமாம். எலும்பு! வெட்டிவிட்ட முருங்கை மாதிரி முளைக்கிறது. இந்த அதிசயத்தின் முன்னால் நின்றுகொண்டு நான் பை சோதிக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

 எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

காலை ஏழு மணிக்குச் சுற்றிப் பார்க்கப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கோரைப்புல்லில் காலை வைக்கப்போன இடத்தில் ஒரு கண். குட்டி! பிறந்து நாலைந்து நாள் இருக்கும். கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டிப் படுத்திருந்தது. நான் குனிந்தும் இமைகூட அசையவில்லை. தாயைக் காணோம். சுவரோரம் இரண்டு நாய்கள். அரை மணி நேரம் நின்று பார்த்தேன், எதுவும் வரவில்லை.

எனக்கு வந்ததே கோபம். இன்னா தாயி இது? பெத்துப் போட்டுட்டு மேயப் போயிட்டியே, உனுக்கு வெக்கமா இல்ல?

துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு செக்யூரிட்டி அறைக்கு வந்துவிட்டேன். பிரின்சி பிறந்தபோது இருந்த எடைதான் இருக்கும். நெஞ்சு மட்டும் என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது.

தகவல் போய், ஒன்பது மணிக்கு வனக்காவலர் அரசப்பன் வந்தார். பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன்.

"யாரும்மா இத்த தூக்கினு வந்தது?"

"நான்தான் சார். தாயி வுட்டுட்டுப் போயிடுச்சி."

"வுட்டுட்டுப் போவலம்மா. ஒளிச்சி வெச்சிட்டுப் போயிருக்கு."

இந்த வயதுக் குட்டி மேல் வாசனையே அவ்வளவாக இருக்காதாம். நாய் பக்கத்தில் போனாலும் மோப்பம் பிடிக்க முடியாது. வாசனை தாய்க்குத்தான். அது கூடவே நின்றால் குட்டியைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தூரமாகப் போய் மேய்ந்து, பால் ஊறியதும் வந்து கொடுத்துவிட்டு மறுபடி விலகிப் போகும். அசையாமல் கிடப்பது குட்டியின் வேலை. விலகி இருப்பது தாயின் வேலை.

நான் என்ன பேச்சு பேசிவிட்டேன்.

"உன் கை பட்டதால தாயி வெறுத்துடாது. ஆனா எங்க வெச்சிதோ அங்கதான் வந்து தேடும். காலைக்குள்ள வரலன்னா காப்பகத்துக்குத்தான் கொண்டுபோவணும். அங்க பாட்டில் பால்தான்."

ஓடினேன். புல் அழுந்தியிருந்த அதே இடத்தில் வைத்தேன். குட்டி மறுபடி கழுத்தை நீட்டிக்கொண்டது.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. போக முடியவில்லை. அண்ணிக்கு போன் செய்தேன்.

"புள்ள அழுதுகினு இருக்குது ஜெபா!"

"தெரியும் அண்ணி. கஞ்சி குடுங்க. வந்துடறேன்."

அரசப்பனும் நானும் கேன்டீன் மாடியில் உட்கார்ந்திருந்தோம். நாலு மணிக்கெல்லாம் மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. அந்தத் தாய்மானுக்கும் இப்படித்தானே வலிக்கும்? ஆண்டவரே, அதை அனுப்பும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஐந்தரைக்குச் சுவர் உடைசலில் ஒரு பெண்மான். முன்காலால் தரையைத் தட்டியது. நான் நடந்த தடத்தையெல்லாம் மோந்தது. திரும்பிப் போய்விட்டது. போச்சு, எல்லாம் என்னாலதான்.

ஆறேகாலுக்கு மறுபடி வந்தது. நின்று, மெல்ல ஒரு குரல் கொடுத்தது. அவ்வளவு மெல்ல. புல் அசைந்தது. ஒரு நாள் முழுக்க இமைகூட அசைக்காத அந்தக் குட்டி எழுந்து, தள்ளாடி ஓடி, மடியை முட்டியது! தாய் அதன் முதுகை நக்கியது. என் கை பட்ட இடத்தையெல்லாம் நக்கியது. இதைவிடப் பெரிதாக நான் எதையும் பார்த்ததில்லை. அரசப்பன் பக்கத்தில் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

ஜூலை 12

என் சட்டையும் பாலில் நனைந்திருந்ததை நேற்று பஸ்ஸில்தான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பிரின்சி இன்றும் காலரைப் பிடித்துக்கொண்டாள். அண்ணியும் வழக்கம்போல ஆரம்பித்தார். இன்று எனக்குக் கோபம் வரவில்லை.

"வுட்டுட்டுப் போவல அண்ணி. உங்ககிட்ட வெச்சிட்டுப் போறேன்."

 அவர் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "சரி சரி, பஸ்ஸு போயிடப் போவுது, கெளம்பு" என்றார்.

கேட்டில் இறங்கியதும் புல்தரையைப் பார்த்து எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். பதினொன்று இல்லை, பன்னிரண்டு.